ஐம்பதா, அறுபதா? டி.வி. பெட்டி வரைந்த விளையாட்டு வரைபடம்

2005 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ நகரில் கேம் தயாரிப்பாளர்களின் ஆண்டு மாநாடு நடந்தது. மைக்ரோசாப்டின் ஜே அலார்ட் மேடையேறி, இனி எச்.டி. யுகம்தான் என்று அறிவித்தார். அறிவிப்போடு விடவில்லை; வந்திருந்தவர்களில் ஆயிரம் பேருக்கு 23 அங்குல சாம்சங் எச்.டி. டி.வி. பரிசு! கேம் கன்சோல் விற்கும் நிறுவனம் எதற்காக டி.வி.யை அள்ளிக் கொடுக்க வேண்டும்? விற்கப்போகும் பெட்டியின் அருமையைக் காட்டக்கூடிய திரை அன்று பெரும்பாலான வீடுகளில் இல்லை. கேம் எழுதுகிறவர்களாவது முதலில் பார்த்துப் பழகட்டும் என்ற கணக்கு.

கன்சோலுக்கு இப்படி ஒரு விசித்திரம் உண்டு. அதன் பாதி தொழிற்சாலையிலிருந்து வருகிறது. மீதிப் பாதி வாங்குகிறவர் வீட்டுக் கூடத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அந்த மீதிப் பாதி ஜப்பானில் ஒரு மாதிரி, அமெரிக்காவில் ஒரு மாதிரி, ஐரோப்பாவில் வேறு மாதிரி. எந்த நாட்டுக்குக் கன்சோல் எப்போது போனது, அங்கே எப்படி ஓடியது என்ற வரலாற்றில் பாதி, டி.வி. பெட்டியின் வரலாறுதான்.

கதை மின்சாரத்திலிருந்து தொடங்குகிறது. மாறுதிசை மின்சாரம் அமெரிக்காவில் நொடிக்கு 60 முறை ஊசலாடுகிறது. ஐரோப்பாவில் 50 முறை. அங்கே வெஸ்டிங்ஹவுஸ் எடுத்த முடிவு, இங்கே ஜெர்மனியின் ஏ.இ.ஜி. எடுத்த முடிவு, அவ்வளவுதான். ஆரம்பகால டி.வி.யில் படத்தின் துடிப்பு மின்சாரத்தின் துடிப்போடு ஒத்துப்போகாவிட்டால் திரையில் பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். அதனால் அமெரிக்க டி.வி. நொடிக்கு 60 முறை திரையை வருடியது, ஐரோப்பிய டி.வி. 50 முறை. ஜப்பானின் நிலைமை வேடிக்கையானது. டோக்கியோ முதலில் ஜெர்மன் ஜெனரேட்டர் வாங்கியது, ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டர் வாங்கியது. இன்றுவரை கிழக்கு ஜப்பானில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. ஆனால் டி.வி. மட்டும் நாடு முழுக்க அமெரிக்க முறைப்படி 60தான். மின்சாரத்தோடு டி.வி. ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் அப்போதே தேய்ந்துவிட்டது. ஆனாலும் 50, 60 என்ற பிரிவு கல்லில் செதுக்கிய மாதிரி நிலைத்துவிட்டது.

அமெரிக்காவும் ஜப்பானும் பின்பற்றிய என்.டி.எஸ்.சி. முறையில் ஒரு படத்துக்கு 525 வரிகள், நொடிக்குச் சுமார் 30 முழுப் படங்கள். மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியும் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் எடுத்துக்கொண்ட பேல் முறையில் 625 வரிகள், 25 படங்கள். பெருக்கிப் பார்த்தால் இரண்டிலும் நொடிக்குப் பதினைந்தாயிரத்துச் சொச்சம் வரிகள். மின்னணுக் கற்றை இரண்டு கண்டங்களிலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஓடியது. ஒருவர் அந்த ஓட்டத்தை வரிகளுக்குச் செலவழித்தார், இன்னொருவர் அசைவுக்கு.

பழைய கேம்களுக்கு இந்த வித்தியாசம் உயிர்நாடியாக இருந்தது. ஒவ்வொரு முறை திரை புதுப்பிக்கப்படும்போதும் கேம் ஓர் அடி எடுத்து வைக்கும். அந்தக் காலத்து புரோகிராமர்களுக்கு டி.வி.தான் கடிகாரம். நொடிக்கு 60 அடி நடக்க எழுதிய கேமை 50 அடி டி.வி.யில் போட்டால் என்ன ஆகும்? ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விடும். வேகத்தையே பெருமையாகச் சொல்லி விற்கப்பட்ட சேகாவின் 'சோனிக்', ஐரோப்பிய மெகா டிரைவ் கன்சோலில் மெதுவாக ஓடியது. பின்னணி இசையும் இழுத்தது. தவிர, என்.டி.எஸ்.சி.யில் கண்ணுக்குத் தெரியும் 480 வரிகளுக்காக வரைந்த படம், பேல் திரையில் தெரியும் 576 வரிகளை நிரப்பாது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். சற்றே நசுங்கிய முகத்தோடு நாயகன் நிதானமாக நடப்பான். 2002இல் ஐரோப்பாவுக்கு வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 10' வரை இந்தக் கோளாறு தொடர்ந்தது. பல ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு இது கோளாறு என்றே தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு டி.வி. இருந்தால்தானே!

இந்த மாற்று வேலையும், பல மொழிகளில் பெயர்க்கும் வேலையும், கப்பலில் வந்து சேரும் காலமும் சேர்ந்து ஐரோப்பாவை எப்போதும் கடைசி வரிசையில் நிறுத்தின. நிண்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் ஜப்பானில் 1990 நவம்பரில் வந்தது. அமெரிக்காவில் 1991 ஆகஸ்டில். பிரிட்டனில் 1992 ஏப்ரலில். முதல் பிளேஸ்டேஷன் 1994 டிசம்பரில் ஜப்பானில் பிறந்து, 1995 செப்டம்பரில்தான் மற்ற இரண்டு இடங்களுக்கும் போனது. ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்ற வரிசையை மாற்றலாம் என்று யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

எச்.டி. வந்து இதையெல்லாம் சரிசெய்திருக்க வேண்டும். வரும் வழியில் அதுவும் அதே 50, 60 சண்டையில் மாட்டிக்கொண்டது.

ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு அடுத்த தலைமுறை டி.வி.க்கான ஆராய்ச்சியில் இறங்கியது. அதன் விஞ்ஞானிகள் தொடங்கியது மின்னணுவியலில் இல்லை, கண்ணில். திரையின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்தில் ஒருவர் உட்கார்ந்தால் படம் அவர் பார்வையை நிறைக்கும், காட்சிக்குள்ளேயே இருக்கும் உணர்வு வரும். அந்தத் தூரத்தில் வரிகள் தனித்தனியாகத் தெரியக் கூடாது. நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்தறியும். கணக்குப் போட்டால் ஆயிரத்துச் சொச்சம் வரிகள் வேண்டும். அப்படித்தான் 1125 வரிகள், 60 ஹெர்ட்ஸ் கொண்ட 'ஹை-விஷன்' பிறந்தது. 1991 நவம்பர் 25 அன்று அதன் ஒளிபரப்பு நாளுக்கு எட்டு மணி நேரமாக விரிந்தது. 11ஆம் மாதம் 25ஆம் தேதி, 1125 வரிகளுக்கு மரியாதை! ஆனால் அது அனலாக் தொழில்நுட்பம். பெட்டியும் கார் விலை விற்றது.

1986இல் யூகோஸ்லாவியாவின் துப்ரோவ்னிக் நகரில் நடந்த சர்வதேசக் கூட்டத்தில், ஹை-விஷனையே உலகத் தரமாக்கும்படி ஜப்பான் கேட்டது. ஐரோப்பியர்கள் முட்டுக்கட்டை போட்டார்கள். 60 ஹெர்ட்ஸ் எங்களுக்கு ஒத்துவராது என்பது சொன்ன காரணம், தங்கள் டி.வி. தொழிற்சாலைகளை ஜப்பானியர்களிடம் இழந்துவிடுவோம் என்ற பயம் சொல்லாத காரணம். 1250 வரிகள், 50 ஹெர்ட்ஸ் என்று பழைய 625ஐ இரட்டிப்பாக்கி எச்.டி.-மேக் என்ற சொந்த முறையை உருவாக்கினார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கை அதில் காட்டினார்கள். அடுத்த ஆண்டே கைகழுவினார்கள். இந்த இரண்டு அனலாக் முறைகளையும் சேர்த்துப் பழங்கதையாக்கியது அமெரிக்கா. ஜெனரல் இன்ஸ்ட்ரூமென்ட் நிறுவனம் 1990இல் முழுக்க டிஜிட்டலான எச்.டி. முறையை முன்வைத்தது. போட்டி நிறுவனங்கள் 1993இல் கைகோத்தன. 1996 இறுதியில் அமெரிக்க அரசு அந்தத் தரத்தை ஏற்றது. 1998 அக்டோபரில், 77 வயதில் ஜான் கிளென் மீண்டும் விண்வெளிக்குப் புறப்பட்ட காட்சி அங்கே எச்.டி.யில் ஒளிபரப்பானது.

பிறகு ஐரோப்பா ஏன் இவ்வளவு பின்தங்கியது? பணமோ அறிவோ குறைவில்லை. இங்கேயும் கண்ணுக்குத்தான் பதில் தெரியும்.

மூன்று மீட்டர் தூரத்திலிருந்து டி.வி. பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தூரத்தில் கண் பிரித்தறியும் மிகச் சிறிய இடைவெளி சுமார் 0.87 மில்லிமீட்டர். 50 அங்குல அகலத்திரையின் உயரம் ஏறக்குறைய 62 சென்டிமீட்டர். அதில் அமெரிக்காவின் பழைய 480 வரிகளைப் பரப்பினால் வரிக்கு 1.3 மில்லிமீட்டர், பொரிப்பொரியாகக் கண்ணில் உறுத்தும். பெரிய கூடம், பெரிய புரொஜக்‌ஷன் டி.வி. என்று பழகிவிட்ட அமெரிக்கர்களுக்கு எச்.டி. உடனே பிடித்ததில் ஆச்சரியமில்லை. ஐரோப்பியக் கூடத்தில் இருந்த 32 அங்குலத் திரையின் உயரம் 40 சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அதில் பேலின் 576 வரிகளைப் போட்டால் வரிக்கு 0.7 மில்லிமீட்டர். கண்ணின் எல்லைக்கு உள்ளேயே வந்துவிட்டது. அந்த வீட்டில் எச்.டி. பெட்டி வாங்கி வைத்தால், அப்பா பக்கத்தில் போய்ப் பார்த்துதான் வித்தியாசம் சொல்ல வேண்டும்.

அதனால் ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் டிஜிட்டல் தந்த இடத்தைப் படத்தின் கூர்மைக்குச் செலவிடவில்லை, சேனல்களைப் பெருக்கினார்கள். 2002இல் வந்த பிரிட்டனின் ஃப்ரீவியூ சேவை அப்படித்தான் வளர்ந்தது. அந்நாட்டின் ஸ்கை நிறுவனம் எச்.டி. சேவையைத் தொடங்கியது 2006 மே மாதம். ஜெர்மனியில் நடக்கவிருந்த உலகக்கோப்பைக் கால்பந்துக்குச் சில வாரங்கள் முன்பு.

இந்தப் பின்னணியில்தான் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தது. 2005 நவம்பர் 22 அமெரிக்கா, டிசம்பர் 2 ஐரோப்பா, டிசம்பர் 10 ஜப்பான். பதினெட்டே நாளில் மூன்று கண்டங்கள்! மாதக்கணக்கில் காத்திருந்து பழகிய ஐரோப்பாவுக்கு இது புதுசு. ஜப்பானுக்கு முந்தியது அதைவிடப் புதுசு. நவம்பர் 22 சும்மா தேர்ந்தெடுத்த நாளும் அல்ல, அமெரிக்கர்களின் நன்றி நவிலும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு. ஆக, பிரிட்டிஷ் வீட்டுக்கு எச்.டி. கன்சோல் வந்தபோது ஸ்கையின் எச்.டி. சேவை வர இன்னும் ஐந்தரை மாதம் இருந்தது. எச்.டி. யுகம் என்று முழங்கிய அந்தக் கன்சோலில் எச்.டி.எம்.ஐ. இணைப்பும் கிடையாது, அது 2007இல் 'எலீட்' மாடலோடுதான் வந்தது. விலை குறைந்த 'கோர்' பெட்டிக்குள் இருந்தது பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்.

விளைவு சில சமயம் சிரிப்பை வரவழைத்தது. 2006இல் கேப்காம் வெளியிட்ட 'டெட் ரைசிங்' கேமில் கதையை நகர்த்தும் வசனங்கள் எழுத்தாகத் திரையில் வரும். எச்.டி. திரையில் பார்த்துப் பார்த்து வடிவமைத்த எழுத்து. சாதாரண பிக்சர் டியூப் டி.வி.யில் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரிந்தது. ஜோம்பிகள் சூழ்ந்து நிற்கும்போது டி.வி.க்கு முன்னால் முட்டி போட்டுக்கொண்டு படிக்க யாரால் முடியும்? புகார்கள் குவிந்தும் எழுத்தைப் பெரிதாக்க முடியாது என்று கேப்காம் கைவிரித்துவிட்டது.

மறுபக்கம், எச்.டி. என்று விற்ற எல்லாமே எச்.டி.யா என்ற கேள்வியும் இருந்தது. அன்று கேம்களுக்கான எச்.டி. என்றால் 1280க்கு 720 பிக்சல், மொத்தம் 9,21,600. எக்ஸ்பாக்ஸ் 360இன் படச் சில்லுக்குப் பக்கத்தில் 10 மெகாபைட் அதிவேக நினைவகம் இருந்தது. ஒரு பிக்சலுக்கு நிறம் 4 பைட், ஆழம் 4 பைட் என்றால் மொத்தம் சுமார் 7 மெகாபைட்டில் அடங்கும். ஆனால் 'ஹேலோ 3' கண்கூசும் வெளிச்சத்தையும் கும்மிருட்டையும் ஒரே காட்சியில் காட்ட, நிறத்துக்கு இரண்டு தாள்கள் வைத்துக்கொண்டது. பிக்சலுக்கு 12 பைட். 720 வரிகளில் அது பத்தரை மெகாபைட்டைத் தொடும், இடம் போதாது. எனவே உருவாக்கிய பங்கி நிறுவனம் 1152க்கு 640 என்று படத்தையே சுருக்கி வரைந்து, பிறகு நீட்டிக் காட்டியது. 2007இல் இது வெளியே தெரிந்ததும் ரசிகர்கள் கொதித்தார்கள். அதற்கு முன்பு விளையாடி மகிழ்ந்தவர்களில் எத்தனை பேர் வெறுங்கண்ணால் கண்டுபிடித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

சோனி எடுத்த பாதை இன்னும் செலவானது. பிளேஸ்டேஷன் 3இல் ப்ளூ-ரே டிரைவ் வைத்தார்கள். டி.வி.டி. 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசரால் படிக்கப்படுவது. ப்ளூ-ரே 405 நானோமீட்டர் நீல-ஊதா லேசரால். அலைநீளம் குறையக் குறைய லேசர் புள்ளி சிறுக்கும். லென்சும் கூடுதலாகக் குவித்தது. இரண்டும் சேர்ந்து ஒரே அளவு வட்டில் ஐந்து மடங்கு தகவலை ஏற்றின: 4.7 ஜிகாபைட் இருந்த இடத்தில் 25. எச்.டி. சினிமாவுக்கு அவ்வளவு இடம் தேவை. ஆனால் அந்த லேசரைத் தரும் காலியம் நைட்ரைடு டயோடைக் குறையின்றி லட்சக்கணக்கில் செய்வது அன்று பெரும்பாடு.

2006 செப்டம்பரில் அந்தப் பாடு வெளிச்சத்துக்கு வந்தது. டயோடு போதாது; எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தர முடியாது. யாரைக் காக்க வைப்பது? சோனி தேர்ந்தெடுத்தது ஐரோப்பாவை. நவம்பர் 11 அன்று ஜப்பான், 17 அன்று அமெரிக்கா. ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் 2007 மார்ச் 23 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஜப்பானுக்கே ஒரு லட்சம் பெட்டிகள்தான், அமெரிக்காவுக்கு நான்கு லட்சம். எச்.டி. டி.வி. மிகக் குறைவாக இருந்த சந்தையைத்தான் சோனி தள்ளிப்போட்டது என்பது வணிகக் கணக்கில் நியாயம். ஆனால் தாமதமாக வந்த ஐரோப்பியப் பெட்டியில் பழைய பிளேஸ்டேஷன் 2 கேம்களை ஓட்டும் சில்லு ஒன்றையும் கழற்றிவிட்டிருந்தார்கள். அதற்கு நியாயம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

நிண்டெண்டோ இந்தப் பந்தயத்தில் ஓடவே மறுத்தது. பெரும்பாலோர் வீட்டில் எச்.டி. இல்லாதபோது அதற்காக எதற்குச் செலவு என்று 480 வரிகளோடு நிறுத்திக்கொண்டது. பிளேஸ்டேஷன் 3 அமெரிக்காவில் 499, 599 டாலர் என்று இரண்டு விலையில் விற்றபோது நிண்டெண்டோவின் 'வீ' கன்சோல் 249 டாலர். 2006 நவம்பர் 19 அமெரிக்கா, டிசம்பர் 2 ஜப்பான், 8 ஐரோப்பா. எங்கே போனாலும் எந்த டி.வி.யிலும் செருகலாம். மொத்தத்தில் 10 கோடிக்கு மேல் விற்றது. பிளேஸ்டேஷன் 3 எட்டே முக்கால் கோடி, எக்ஸ்பாக்ஸ் 360 சுமார் 8.4 கோடி. அந்த ஆண்டின் டி.வி. நிலவரத்தைச் சரியாகப் படித்தவர் நிண்டெண்டோவின் தலைவர் சடோரு இவாடாதான். பின்விளைவும் இருந்தது. எச்.டி. பழக்கமில்லாமல் ஆறு ஆண்டைக் கடத்திய நிறுவனம், 2012இல் 'வீ யு' கொண்டுவந்தபோது எச்.டி. கேம் செய்யத் தேவைப்பட்ட ஆள்பலத்தைக் கண்டு திணறியது. வீ யு 1.36 கோடியோடு நின்றுவிட்டது.

ஜப்பானோ எல்லோர் கணக்கையும் பொய்யாக்கியது. எச்.டி. பிறந்த மண், 2003இல் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு, 2004இல் ஷார்ப்பின் கமேயாமா தொழிற்சாலை என்று எல்.சி.டி. திரைகள் வீடுதோறும் நுழைந்துகொண்டிருந்தன. அங்கே அந்தக் காலத்தில் வாரிக்கொண்டு போனது 3 கோடிக்கு மேல் விற்ற நிண்டெண்டோ டி.எஸ். சட்டைப்பையில் அடங்கும் அந்தக் கருவியின் ஒவ்வொரு திரையிலும் 49,152 பிக்சல், முழு எச்.டி.யில் நாற்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. நீண்ட ரயில் பயணம், ஒரே டி.வி. உள்ள சிறிய வீடு என்று வாழ்கிறவர்களுக்கு, டி.வி.யே வேண்டாத கேம் தோதாக இருந்தது. ஊரில் எச்.டி. டி.வி. இருந்தால் எச்.டி. கன்சோல் விற்றுவிடும் என்பது வெறும் பாதி உண்மை.

இந்தியா பேல் நாடு. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு வண்ணத்துக்கு வந்தது, 2010 காமன்வெல்த் போட்டியில் தூர்தர்ஷன் எச்.டி.யில் காட்டியது. எக்ஸ்பாக்ஸ் 360 இங்கே 2006இலும் பிளேஸ்டேஷன் 3 2007இலும் வந்துவிட்டன. ஆனால் 2009இல் ஹைதராபாத்தில் தயாரான 'ஹனுமான்: பாய் வாரியர்', 'தேசி அட்டா' கேம்களைச் சோனி வெளியிட்டது பிளேஸ்டேஷன் 2க்கு. மக்கள் வீட்டில் எந்த டி.வி. இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எடுத்த முடிவு.

ஐரோப்பியத் தொழில்துறை 2005இல் 'எச்.டி. ரெடி' என்ற முத்திரையை அறிமுகப்படுத்தியது. அதை ஒட்ட வேண்டுமானால் டி.வி. 720 வரிகள் காட்டினால் மட்டும் போதாது. 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் இரண்டையும் ஏற்க வேண்டும். விளம்பரங்களில் யாரும் பெரிதாகப் பேசாத இந்த ஒரு நிபந்தனைதான் கேம் உலகத்தின் பழைய எல்லைக்கோட்டை அழித்தது. அமெரிக்கருக்கு ஓடும் வேகத்திலேயே கேம் ஐரோப்பியருக்கும் ஓடியது. தனியாக ஒரு பேல் பதிப்பு செய்யும் வேலை ஒழிந்தது. மிச்சசொச்சம் அவ்வப்போது தலைகாட்டும். 2013இல் டி.வி. ஒளிபரப்பையும் தன் வழியாகக் காட்டுவேன் என்று எக்ஸ்பாக்ஸ் ஒன் வந்தபோது, 50 ஹெர்ட்ஸ் பிரிட்டிஷ் ஒளிபரப்பை 60 ஹெர்ட்ஸில் தள்ளியதால் கால்பந்து தடுக்கித் தடுக்கி உருண்டது. 2014இல் ஒரு மென்பொருள் திருத்தம் வந்துதான் சரியானது.

டி.வி. சமமானதும் வெளியீட்டு வரிசையும் கலைந்தது. பிளேஸ்டேஷன் 4 அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் 2013 நவம்பரிலேயே வந்தது. தாய்நாடான ஜப்பான் 2014 பிப்ரவரி வரை காத்திருந்தது. நிண்டெண்டோ ஸ்விட்ச் 2017 மார்ச் 3 அன்று முக்கியச் சந்தைகள் அனைத்திலும் ஒரே நாளில் கடைக்கு வந்தது. 2020 நவம்பரில் வெளியான பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2 அன்றுதான் கிடைத்தது என்றால், அதற்கு டி.வி.யைக் குற்றம் சொல்ல முடியாது. பெட்டிகளின் பற்றாக்குறையும் எந்தச் சந்தைக்கு முதலில் அனுப்புவது என்ற கணக்கும்தான் தீர்மானித்தன.

இப்போது என்.எச்.கே. அடுத்த படிக்குப் போயிருக்கிறது. 2018 டிசம்பர் 1 முதல் 8கே ஒளிபரப்பு நடத்துகிறது. பிளேஸ்டேஷன் 5 விற்பனைக்கு வந்தபோது அதன் அட்டைப்பெட்டியிலும் 8கே என்று அச்சிட்டிருந்தார்கள். மூன்று மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் கண்ணுக்கு அந்தக் கூர்மை தெரிய வேண்டுமென்றால் திரை சுவரை அடைக்க வேண்டும். வீடுகள் அதற்கேற்ப வளரவில்லை, கேம்களும் வரவில்லை. 2024இல் சோனி அந்த எழுத்தை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துவிட்டது.